உப்புப் போட்ட ஐஸ் வாளி

காண்டாவன வெயிலில் கிளிநொச்சிச் சந்தைக்குப் போய் வருபவருக்கு ஒரு குளிர்ந்த சோடா பெரிய ஆறுதல். வீட்டுக்கு ஆட்கள் வந்த நேரம் பார்த்துப் போத்தல் சூடாக இருந்தால் என்ன செய்வது?

குளிர்சாதனப் பெட்டியின் காற்று வெப்பத்தை மெதுவாகவே இழுக்கும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே வாளியில் ஐஸ்கட்டியும், போத்தல் மூழ்குமளவு தண்ணீரும், சில கைப்பிடி உப்பும் போடுங்கள். எங்கள் ஆனையிறவு உப்பே போதும். உப்பு ஐஸை உருக்கும்; உருகும் ஐஸ் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும். அதனால் கலவை பூச்சியப் பாகைக்கும் கீழே போகும். உப்பு நன்றாகச் சேர்ந்தால் பூச்சியத்துக்குக் கீழே 21 பாகை செல்சியஸ் வரையும் இறங்கலாம்.

ரின்னையோ போத்தலையோ மெல்லச் சுழற்றுங்கள். இன்னும் கெதியாகக் குளிரும். குலுக்க வேண்டாம், திறக்கும்போது பொங்கிவிடும். கண்ணாடிப் போத்தலை உறைபெட்டியில் வைத்து மறந்துவிடாதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் விரியும். போத்தல் வெடித்துப் பிள்ளைகளின் கையைக் கிழிக்கும்.

குடிக்கமுன் போத்தலின் வாயை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மிஞ்சிய உப்புத் தண்ணீரைக் கிணற்றடியிலும் மரத்தடியிலும் ஊற்றாதீர்கள். எங்கள் மண்ணையும் நல்ல தண்ணீரையும் காப்பது எங்கள் எல்லோருடைய பொறுப்பு.