கல்லினுள் எண்ணெயும் நீரும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



நம் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் கிணற்று நீரே. சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழைப் பக்கங்களில் அக்கிணறுகள் பல 2014, 2015ஆம் ஆண்டுகளில் எண்ணெய் மணத்தன. வாளியை இறக்கினால் நீர்மேல் படலம் மிதந்தது. பவுசர் வண்டிக்குக் குடத்தோடு காத்து நின்றவர்கள் இச்சபையிலும் இருப்பீர்கள். 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடும் விதித்தது. வழக்கைப் பேச நான் வரவில்லை. கல்லினுள் எண்ணெய் எவ்வாறு நடமாடுகின்றது என்பதையே பேச வந்தேன்.

பிரான்சிலே டீஜோன் நகருக்கு நீர் வழங்கிய பொறியியலாளர் டார்சி என்பவர், மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி அளந்து, 1856இல் ஒரு விதியை வெளியிட்டார். நீர்மட்ட வேறுபாடு இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும். மணலின் நீளம் இரட்டித்தால் ஓட்டம் பாதியாகும். எளிய விதிதான். ஆனால் அது ஒரே திரவம் செல்லும்போதுதான் அவ்வளவு எளிது.

இரண்டு சேர்ந்து சென்றால்? 1936இல் அமெரிக்காவில் விக்கொவ், பொட்செற் என்னும் இருவர் மணலினூடே நீரையும் வாயுவையும் ஒருங்கே செலுத்தினர். துளைகளில் நீர் எவ்வளவு என்பதை மின்கடத்தலால் அறிந்தனர். நீர் மின்னைக் கடத்தும், வாயு கடத்தாதல்லவா? துளைகளிற் பாதியை நீர் நிரப்பினால் அதன் ஓட்டமும் பாதியாகும் என்றே நாம் எண்ணுவோம். அப்படியன்று. பாதியிலும் வெகுவாகக் குறைந்தது. ஒன்று மற்றதன் வழியை மறிக்கின்றது. நெல்லியடிச் சந்தையில் இரு திசைச் சனமும் ஒரே ஒழுங்கையால் போக முயன்றதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயின் தொல்லை இதனிலும் பெரிது. கல்லை நீரே பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் துளைகளின் நடுவே துளித்துளியாய்ச் சிக்குண்டு நிற்கும். மயிர்த்துளைக் கவர்ச்சி அதனைப் பிடித்து வைத்திருக்கும்போது எவ்வளவு இறைத்தாலும் அது அசையாது. கோடையில் நீர்மட்டம் தாழ, மிதக்கும் எண்ணெயும் தாழும். மாரியில் மட்டம் உயர, அதில் ஒரு பகுதி நீருக்கடியிலேயே அகப்பட்டுவிடும். அகப்பட்டது ஆண்டுக்கணக்காகச் சிறிது சிறிதாய் நீரிற் கரையும். ஆகவே கிணற்றின் மேற்பரப்புத் தெளிந்தது கண்டு, எண்ணெய் போய்விட்டது என்று சொல்லுதல் தவறு. கிணற்றில் மிதக்கும் படலத்தின் தடிப்பைக் கொண்டு கல்லினுள் இருப்பதைக் கணிப்பதும் ஏமாற்றும்.

கணிதமுண்டே என்பீர்கள். உண்டு. 1942இல் பக்லி, லெவரெற் என்போர், நீர் எண்ணெயைத் தள்ளிச் செல்லும் முகப்பு எவ்வாறு முன்னேறும் என்று கணித்தனர். இன்று கணினியிலே பாறையைச் சிறு பெட்டிகளாகப் பிரித்து, பெட்டிக்குப் பெட்டி கணக்கிடுகின்றனர். ஆயின் நமது சுண்ணாம்புக்கல் டார்சியின் மணலன்று. வெடிப்பும் குகையும் நிறைந்தது. ஒரு வளவுக் கிணறு நாற, அடுத்த வளவுக் கிணறு நன்றாயிருக்கும். வெடிப்பு எங்கே செல்கின்றது என்று அறியாமற் செய்யும் கணக்கு அழகான படம் மாத்திரமே தரும். அளவை முதலில், கணக்குப் பின்னர்.

இளைஞர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாதந்தோறும் அதே கிணறுகளின் நீர்மட்டத்தைக் கயிறு கொண்டு அளந்து கொப்பியில் எழுதுங்கள். பரிசோதனைக்கு நீர் எடுப்பதாயின் மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் எடுங்கள். மேலே ஒன்று, ஆழத்தில் ஒன்று. பிளாத்திக்குப் போத்தல் வேண்டாம். கண்ணாடிப் போத்தலிலே, காற்றுக்கு இடமின்றி விளிம்புவரை நிரப்பி மூடி, குளிரில் வைத்து, தாமதியாமல் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள்.