இரண்டு ஸ்பேனர் எதற்கு?

(தொழிற்கல்வி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பல கார்களில் கியர்பாக்ஸ் ஆயில் குளிர்வது ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் சிறு கூலரில்தான். ஆயில் போய்வர இரண்டு குழாய்கள். ரேடியேட்டரைக் கழற்றும் முன் இவற்றை விடுவிக்க வேண்டும்.

இன்ஜின் நன்றாக ஆறட்டும்; சூடான ஆயில் பட்டால் மாணவர் கை வெந்துவிடும். பாடவேளை முடிகிறதே என்று அவசரப்படாதீர்கள், மறுநாள் செய்துகொள்ளலாம். அடியில் தட்டு வையுங்கள்.

நட்டு வகை இணைப்பாக இருந்தால், ரேடியேட்டர் பக்கத்து இணைப்பை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, இன்னொன்றால் நட்டைத் திருக வேண்டும். ஏன் என்று மாணவர்களிடமே கேளுங்கள். இணைப்பும் சேர்ந்து சுற்றினால் குழாய் முறுகும். உள்ளே கூலரின் பிடிப்பும் விடலாம். அப்படி விட்டால் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிடும். சிவந்த ஆயில் ரோஸ்மில்க் போல வெளுத்திருந்தால் அதுதான் அடையாளம். கியர்பாக்ஸின் கிளட்ச் தகடுகள் அதில் ஊறிக் கெடும். பிறகு செலவு ரேடியேட்டரோடு நிற்காது.

கழற்றியதும் குழாய் முனைகளை மூடிவிடுங்கள், தூசி போகக்கூடாது. திரும்ப மாட்டும்போது முதல் சில மரைகளைக் கையாலேயே ஏற்றச் சொல்லுங்கள். ஸ்பேனர் அதற்குப் பிறகுதான்.