தைரொயிட் சுரப்பியும் நாமும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



விடுதியில் எங்களோடு இருந்த ஒருத்தியைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவளுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். உயர்தரம் படித்த காலத்தில் இரவுப் படிப்பு நேரம் முழுக்கத் தூங்கி விழுவாள். எங்களுக்கு வேர்த்துக் கொட்டும். அவள் மட்டும் போர்வையை இழுத்துப் போர்த்துவாள். 'சோம்பேறி' என்று பட்டம் வைத்தோம். அதை வைத்தவளே நான்தான். முப்பது வயது கடந்து, இரண்டு கருச்சிதைவுகளுக்குப் பிறகுதான் அவளுடைய குருதியைப் பரிசோதித்தார்கள். ஹஷிமொட்டோ நோய்.

கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது தைரொயிட் சுரப்பி. உடல் எவ்வளவு வேகமாக இயங்க வேண்டும் என்பதை அதன் ஓமோன் தீர்மானிக்கிறது. கிருமிகளோடு போராட வேண்டிய எமது நிர்ப்பீடனத் தொகுதி, இச்சுரப்பியையே அந்நியமென்று எண்ணித் தாக்குவதுதான் இந்நோய். 1912இல் ஜப்பானிய வைத்தியர் ஹகரு ஹஷிமொட்டோ நான்கு பெண்களின் சுரப்பிகளை ஆராய்ந்து எழுதினார். நோயாளரின் குருதியில் தம் சுரப்பிக்கே எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பது 1956இல்தான் லண்டனில் தெரியவந்தது. அதைக் கண்டவர்களில் டெபோரா டோனியாக் என்ற பெண் வைத்தியரும் ஒருவர். மகளிர் கல்லூரி மேடையில் அவர் பெயரைச் சொல்லாமல் விடலாமா?

ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு அதிகம். களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், உடல் பருத்தல், அதிக மாதவிடாய், மறதி. எதைச் சொன்னாலும் வீட்டில் "வயசு போகுதெல்லே" என்பார்கள். டி.எஸ்.எச். என்ற குருதிப் பரிசோதனையைச் செய்து பாருங்கள். சிலரில் இதே தொகுதி சுரப்பியை அளவுக்கு மிஞ்சித் தூண்டிவிடும். மெலிவு, படபடப்பு, கை நடுக்கம் வரும். அது கிரேவ்ஸ் நோய், வைத்தியமும் வேறு.

"உப்பைக் கூடச் சேர்த்தால் சரிவருமா, டொக்டர்?" என்று கேட்கிறார்கள். எமது நாட்டில் 1995 முதல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டம். ஹஷிமொட்டோ அயடீன் குறைவால் வருவதல்ல. மேலதிகமாக அயடீன் எடுத்தால் சிலருக்கு நோய் கூடவும் செய்யும்.

தைரொக்சின் குளிசையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுங்கள். தேநீர் அரை மணித்தியாலமாவது பொறுக்கட்டும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். சுகம் வந்துவிட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிள்ளைக்குக் கூடாதென்று பயந்து, கர்ப்பமானதும் குளிசையை நிறுத்துகிற பெண்களைக் கிளினிக்கில் இன்றும் காண்கிறேன். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். முதல் மாதங்களில் சிசு தாயின் ஓமோனையே நம்பியிருக்கிறது. கர்ப்பமென்று தெரிந்தவுடனேயே வைத்தியரிடம் போங்கள். பெரும்பாலும் குளிசையின் அளவைக் கூட்டவேண்டி வரும்.

வைத்தியம் தொடங்கிய பின் என் தோழிக்கு ஒரு மகள் பிறந்தாள். இப்போது இங்கே தரம் 9. இந்நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது என்பதால், பிள்ளை அடிக்கடி களைப்பென்று சொன்னதும் தாய் என்னிடம் கூட்டிவந்தாள். பரிசோதித்தோம், எல்லாம் அளவாகவே இருந்தது.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.