கவுந்தியடிகள் நடந்த கரையும் நம் அன்றாட நடையும்

(நன்னிலத்தில் நடைபெற்ற அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்றாட வாழ்வில் நடையைக் கூட்டிக்கொள்வது எப்படி என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "திருவிழா மேடையில் இதைப் பேசுவதா? மருத்துவ முகாமில் பேசவேண்டியது அல்லவா?" என்று கேட்டார். நான் மருத்துவன் அல்லன். பள்ளியில் கணக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆனால் நண்பரின் ஐயத்துக்கு விடை நம் அறநூல்களிலேயே இருக்கிறது. முனிவர்க்கு விதித்த ஐந்து சமிதிகளில் முதலில் நிற்பது ஈரியா சமிதி. பேச்சும் உணவும் அதற்குப் பின்னரே வருகின்றன. பகல் வெளிச்சத்தில், நான்கு முழத் தொலைவு நிலத்தை முன்னால் நோக்கி, எவ்வுயிரும் மிதிபடாதவாறு அடியெடுத்து வைத்தல் என்பது அதன் பொருள். எப்படி நடப்பது என்பதற்கு இத்தனை நுட்பமான இலக்கணம் வகுத்த சமயத்தினர், நடையைப் பற்றித் திருவிழாவில் பேசக் கூச வேண்டியதில்லை.

காவிரி நாட்டில் இருந்துகொண்டு நடையைப் பற்றிப் பேசும்போது கவுந்தியடிகளை நினையாமல் இருக்க முடியாது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையை இந்தக் கண்ணோடு மீண்டும் படித்துப் பாருங்கள். புகாரை விட்டுப் புறப்பட்ட கண்ணகி சிறிது தூரத்திலேயே களைத்துப் போகிறாள். மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். முப்பது காதத் தொலைவு என்பதைக் கோவலன் 'ஆறைந்து' என்று சொல்லிச் சிரிக்கிறான். அதன்பின் அவர்கள் கவுந்தியின் பள்ளியை அடைகிறார்கள். மதுரைக்கு வரத் தமக்கும் விருப்பம் உண்டு என்று சொல்லி, பிச்சைப் பாத்திரத்தையும் மயிற்பீலியையும் எடுத்துக்கொண்டு அவ்வம்மையார் உடன் கிளம்புகிறார்.

கிளம்புமுன் அவர் வழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும் பகுதியே எனக்கு மிகவும் பிடித்தது. சோலை வழியாகப் போகலாமா, வயல் வழியாகப் போகலாமா என்று அவர் ஆராய்கிறார். சோலையில், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும். கால் உள்ளே போய்விடும். பலாக்கொட்டைகள் பரல்போல் உறுத்தும். நீர் மோதும் கரைவழியே போனாலோ, நண்டும் நத்தையும் நம் அடியில் அகப்பட்டுவிடக் கூடும். அவற்றுக்கு நேரும் துன்பம் நம்மால் தாங்கத் தக்கதன்று என்கிறார். டெல்டாவில் வரப்பில் நடந்தவர்களுக்கு இது கற்பனை இல்லை என்பது தெரியும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த மறுவாரமே வரப்பெல்லாம் நண்டு வளையாகத்தானே இருக்கும்! ஒரே மூச்சில் கண்ணகியின் மெல்லடியையும் நண்டின் உயிரையும் எண்ணிப் பார்க்கும் மனம் அது. ஈரியா சமிதிக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

அந்தக் காதையில் கணக்கு ஆசிரியனைக் கவரும் செய்தி ஒன்றும் உண்டு. மூவரும் ஒரு நாளில் ஒரு காவதத்துக்கு மேல் நடக்கவில்லை. இடையிடையே பல நாள் தங்கியும் சென்றார்கள். காவதத்தின் அளவு நூலுக்கு நூல் வேறுபடும். அது கிடக்கட்டும். நெடுந்தூரத்தை அன்றன்றைக்கு இயன்ற அளவாகப் பகுத்துக்கொண்டார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது. 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகிகள் நடந்ததும் இதே முறையில்தான். ஏப்ரல் 13ஆம் நாள் புறப்பட்டு, தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி வழியாக, நம் மாவட்டத்து மண்ணை மிதித்து, 28ஆம் நாள் சென்று சேர்ந்தனர். ஏறத்தாழ 150 மைல். நாளொன்றுக்குச் சராசரி 10 மைல். சித்திரை வெயிலில்! இராஜாஜிக்கு அப்போது வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

இனி நம் நிலைமைக்கு வருவோம். இந்த மண்டபத்தின் வாசலில் நிற்கும் இருசக்கர வண்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அவற்றில் பாதி, அடுத்த தெருவிலிருந்து வந்தவை. நம் முன்னோர் நிலம் வைத்திருந்தவர்கள். நாற்றங்காலையும் மடையையும் பார்க்கக் காலையும் மாலையும் வரப்பில் நடந்தார்கள். இன்று நாற்று நடவும் அறுவடையும் இயந்திரத்தின் பொறுப்பு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நாம் கடையில், வங்கியில், பள்ளியில், கணினிக்கு முன் உட்கார்ந்துவிட்டோம். உணவுமட்டும் மாறவில்லை. வரப்பில் நடந்தவர் உண்ட அதே சோற்றை, அதே அளவில், நாற்காலியில் அமர்ந்திருப்பவரும் உண்கிறார். புலால் இல்லை, மது இல்லை, ஆகையால் நமக்கு நோய் இல்லை என்றொரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. சர்க்கரை நோய் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வொன்று, தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் மக்களின் உடலுழைப்பை அளந்து 2014இல் முடிவை வெளியிட்டது. போதிய உடலுழைப்பு இல்லாதவர் 54.4 விழுக்காடு. அதே ஆய்வு நாடு முழுவதும் விரிந்து 2023இல் சொன்ன கணக்கு: நாட்டில் சர்க்கரை நோயாளர் 10 கோடிக்கும் மேல்; நோயின் வாசலில் நிற்போர் அதைவிடவும் அதிகம்.

அந்த வாசலில் நிற்பவர்களுக்கு நடை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு அது, 2006இல் வெளிவந்தது. சர்க்கரை நோய் இன்னும் வராத, ஆனால் வரக்கூடிய நிலையில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். நம்மைப் போன்ற நடுத்தர வருவாயினர்தாம். சிலருக்குப் பொது அறிவுரை மட்டும். சிலருக்கு, நாளுக்கு அரைமணி நேரமாவது விரைந்த நடையும் உணவுக் கட்டுப்பாடும். சிலருக்கு மெட்பார்மின் மாத்திரை. சிலருக்கு நடை, உணவு, மாத்திரை எல்லாமும். ஏறக்குறைய மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது, பொது அறிவுரை பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்திருந்தது. நடையும் உணவு ஒழுங்கும் மேற்கொண்டவர்களில் 39.3 விழுக்காடு. மாத்திரை உண்டவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5. அதாவது நடையும் உணவு ஒழுங்கும் மாத்திரைக்கு இணையாக நின்றன. மாத்திரையைக் கூடச் சேர்த்ததால் மேலும் பயன் விளையவில்லை. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். நடந்த குழுவினரின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆயினும் நோய் குறைந்தது. ஒரு மாதம் நடந்துவிட்டு, எடை பார்க்கும் கருவியில் முள் நகரவில்லை என்று நடையை நிறுத்திவிடுவோர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

சரி, அரைமணி நேரத்துக்கு எங்கே போவது? எல்லோரும் கேட்பது இதுதான். கடை திறக்கவேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும். இதற்கு உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் நமக்குச் சாதகமான திருத்தம் ஒன்றைச் செய்தது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது பழைய விதி. ஆனால் ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் கணக்கில் சேராது என்றிருந்தது. அந்தப் பத்து நிமிட நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் நடைதான். பத்தாயிரம் அடி நடந்தே ஆகவேண்டும் என்ற அச்சமும் வேண்டா. அந்த எண், 1965இல் ஜப்பானில் அடியெண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து பரவியது. வயது முதிர்ந்த அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. நிமிடத்துக்கு நூறு அடி என்பது மிதமான விரைவு. பேச முடியும், பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்கினால் அது போதுமான வேகம்.

நம் சமூகத்துக்கே உரிய வாய்ப்பு ஒன்று இருக்கிறது; அதை நாம் வீணடிக்கிறோம் என்பது என் கருத்து. கதிர் மறையுமுன் உண்டு முடிப்பவர்கள் நாம். ஊரார் இரவு ஒன்பது மணிக்கு உண்டுவிட்டுப் படுக்கைக்குப் போகிறார்கள். நமக்கோ உண்டபின் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது, மாலை முழுவதும் மிச்சம் இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்கிறோம்? தொலைக்காட்சிக்கு முன் அமர்கிறோம். உணவுக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேளையில் தசைகள் இயங்கினால், அவை அந்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். 2013இல் வெளிவந்த சிறியதோர் ஆய்வில், அறுபது வயதைக் கடந்தவர்களை மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பதினைந்து நிமிடம் நடக்க வைத்தார்கள். நாள் முழுவதுமான சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் அது காலையில் 45 நிமிடம் நடந்ததற்கு இணையாக இருந்தது. இரவு உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தைத் தணிப்பதில் அதைவிடச் சிறந்திருந்தது. பத்துப் பேரை வைத்துச் செய்த ஆய்வுதான். ஆனாலும் நம் வீட்டு ஒழுங்குக்கு இதைவிடப் பொருந்தும் செய்தி வேறில்லை. மாலை உணவை இன்னும் கால்மணி முன்னதாக முடித்துவிட்டால், வெளிச்சம் இருக்கும்போதே நடந்து திரும்பலாம். ஈரியா சமிதியும் பிழைக்கும்.

மற்றவை சிறு மாற்றங்கள். பால் வாங்க, காய்கறி வாங்க, கோயிலுக்கு, தொடர்வண்டி நிலையத்துக்கு என்று ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வேலைகளுக்கு வண்டிச் சாவியைத் தொடுவதில்லை என்று வீட்டில் ஒரு விதி வையுங்கள். நம் நூல்களில் திக்குவிரதம் உண்டு. இத்திசையில் இவ்வளவு தூரத்துக்கு மேல் செல்லேன் என்று எல்லை வகுப்பது. இந்த ஒரு கிலோமீட்டர் எல்லை வண்டிக்கு நாம் விதிக்கும் திக்குவிரதம். கடைக் கல்லாவில் அமர்ந்திருப்போர் கைபேசி வந்தால் எழுந்து உலாவிக்கொண்டு பேசலாம்; தெருவில் நடக்கும்போதோ கைபேசி பையில் இருக்கட்டும். ஜினாலயத்தில் வலம் வருவதைக் கூட்டிக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெரு சேறாகும்போது அதுவே சிறந்த இடம். பெண்மணிகள், வீட்டு வேலையே போதும் என்கிறார்கள். வேலை மிகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் நின்ற இடத்து வேலை. தொடர்ந்து மூச்சு வாங்கும் வேலை அன்று. அவர்களுக்கு அந்தக் கால்மணி நேரத்தை ஒழித்துக் கொடுப்பது வீட்டு ஆண்களின் கடமை. பாத்திரத்தை நாம் கழுவினால் அவர்கள் நடப்பார்கள்.

அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை என்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் அங்கே போக வண்டி எடுக்கவேண்டியிருந்தால், அதைவிட நம் தெருவே மேல்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லவேண்டும். வெறுங்காலுடன் நடப்பதை நாம் புண்ணியமாகக் கருதுகிறோம். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்களுக்கு அது பெருந்தீங்கு. முள் குத்தியதும் தெரியாது, புண் ஆறவும் செய்யாது. அவர்கள் காலணி அணிந்தே நடக்கவேண்டும். தோல் வேண்டா என்பவர்களுக்கு மருத்துவமனைகள் பரிந்துரைக்கும் எம்.சி.ஆர். என்னும் மென்ரப்பர் செருப்பு இருக்கிறது. வாரும் தோலில்லாததாகக் கேட்டு வாங்குங்கள். உபவாசமோ ஏகாசனமோ இருக்கும் நாளில், இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் விரைந்து நடந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கையில் நெஞ்சில் இறுக்கம் தோன்றினால், வாயு என்று சொல்லி இஞ்சி தின்னாமல், உடனே நின்று மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நடைபாதை இல்லாத நம் சாலைகளில் வலப்புறமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியுமாறு நடக்கவேண்டும்.

சாலை என்றதும் நான் இங்கு வந்ததற்கான உண்மையான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முனிவர்களும் ஆர்யிகைகளும் ஊர்தி ஏறார். விகாரத்தில் அவர்கள் ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்குச் செல்லும்போது, சிராவகர் உடன் நடந்து அடுத்த ஊரார் கையில் ஒப்படைப்பது நம் மரபு. கும்பகோணம், மன்னார்குடி, தீபங்குடி என்று ஜினாலயங்கள் இருக்கும் இந்தக் காவிரி நாட்டில் அந்த மரபு இன்று எந்த நிலையில் இருக்கிறது? ஊர் எல்லை வரை வணங்கி வழியனுப்புகிறோம். அதன்பின் இரண்டு இளைஞர்கள் வண்டியில் மெல்ல ஊர்ந்து பின்தொடர்கிறார்கள். மற்றவர்களால் மூன்று கிலோமீட்டர் நடக்க இயலவில்லை. மனம் இல்லாமல் அன்று, கால் இல்லாமல். வைகறையில் நெடுஞ்சாலை ஓரத்தில் நடந்துசென்ற துறவியர் வாகனம் மோதி மாண்ட செய்திகள் வடமாநிலங்களிலிருந்து அவ்வப்போது வருகின்றன. முன்னும் பின்னும் ஒளிரும் மேலாடை அணிந்த நான்கைந்து பேர் உடன் நடந்தால், பெரும்பாலான ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

ஆகவே பொறுப்பாளர்களிடம் ஒன்று கேட்டு, அவர்களும் இசைந்திருக்கிறார்கள். உணவுக்கூட வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். அடுத்த விகாரம் நம் பகுதி வழியாக வரும்போது யார் எத்தனை கிலோமீட்டர் உடன் வருவார்கள் என்பதைப் பெயருடன் அதில் எழுதுங்கள். ஒரு கிலோமீட்டர் என்று எழுதினாலும் போதும். அடுத்த கிலோமீட்டருக்கு இன்னொருவர் நிற்பார். ஆனால் எழுதியவர்கள் நாளை மாலையே பயிற்சியைத் தொடங்கிவிடவேண்டும். ஒளிரும் மேலாடைகளை அறக்கட்டளை வாங்கித் தரும். இப்போது மணி நாலரை ஆகிறது. ஐந்து மணிக்குள் பந்தி முடிந்துவிடும் என்றார்கள். உண்டபின் என்னுடன் ஆற்றங்கரை வரை நடந்துவர விரும்புகிறவர்கள் வாசலில் நிற்கலாம்.