இணை சேர்க்கும் முன்

இனவிருத்திக்கு எந்த நாயை விடக் கூடாது என்று தீர்மானிப்பதில்தான் நாய் வளர்ப்பவரின் தேர்ச்சி தெரியும். கண்காட்சியில் பரிசு வாங்கிய நாயாக இருக்கலாம், குட்டிக்கு முன்பணம் கொடுக்க ஆட்கள் காத்திருக்கலாம். இருந்தாலும் பரம்பரை நோய், கெட்ட சுபாவம் என்ற இரண்டில் ஒன்று இருந்தால் யோசிக்கத்தான் வேண்டும். நோயைப் பரிசோதனைத் தாள் காட்டிக்கொடுக்கும். சுபாவத்தைக் கூடவே இருந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

பரிசோதனைகள் எல்லாமே ஒரே வகையில் பதில் சொல்வதில்லை. லாப்ரடார் நாய்களைக் குருடாக்கும் விழித்திரைச் சிதைவு நோய் ஒன்று, ஒரே மரபணுவின் குறையால் வருவது. கன்னத்தின் உள்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்த மாதிரி போதும், விடை உறுதியாகக் கிடைத்துவிடும். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் குறையுள்ள பிரதி வந்தால்தான் குட்டிக்கு நோய். ஒரு பிரதி மட்டும் உள்ள நாய் நோயைச் சுமக்குமே தவிர, அதனால் பார்வை இழக்காது. குறையே இல்லாத துணையோடு அதைச் சேர்த்தால் ஒரு குட்டிக்கும் அந்த நோய் வராது, சராசரியாகப் பாதிக் குட்டிகள் அதைச் சுமக்கும், அவ்வளவுதான். இது தெரியாமல், சுமக்கும் நாய்களையெல்லாம் ஒரேயடியாகக் கழித்துவிடுவது அவசரபுத்தி. இனத்தின் மரபுவளம் குறுகி, அதுவரை மறைந்திருந்த வேறு நோய் தலைகாட்டும்.

இடுப்பு மூட்டுக் கோளாறு அப்படிப்பட்டதல்ல. பல மரபணுக்களும் தீனியும் உடல் எடையும் சேர்ந்து உண்டாக்குவது அது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்து இறுதித் தரம் வழங்கும் அமெரிக்க அமைப்பு, நாய்க்கு 24 மாதம் நிறைந்த பிறகே அதை வழங்குகிறது. பெற்றோர் இரண்டின் படமும் நன்றாக இருந்தும் குட்டிக்கு மூட்டு நழுவுவது உண்டு. ஆகவே உடன்பிறந்த நாய்களையும் முந்தைய ஈத்துகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களை வளர்க்கும் அமெரிக்காவின் ‘சீயிங் ஐ’ நிறுவனம் இந்த முறையைப் பின்பற்றியது. ஐந்து தலைமுறைக்குள் அங்கே ஜெர்மன் ஷெப்பர்டுகளில் இக்கோளாறு 55 சதவீதத்திலிருந்து 24 ஆகவும், லாப்ரடார்களில் 30 சதவீதத்திலிருந்து 10 ஆகவும் இறங்கியது.

சுபாவமும் ரத்தத்தில் வருவதுதான். சோவியத் அறிஞர் பெல்யாயெவ் 1959இல் தொடங்கிய நரி ஆய்வில், மனிதரைக் கண்டு மிரளாத நரிகளை மட்டும் இணை சேர்த்தார்கள். சில தலைமுறைகளிலேயே வாலாட்டிக்கொண்டு ஓடிவரும் குட்டிகள் பிறந்தன. நாய்க்குட்டிக்கோ மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை உலகத்தைப் பழகும் பருவம். அதில் பெரும்பகுதி தாயின் மடியில் கழிகிறது. ஆள் வந்தால் மூலையில் ஒடுங்கி உறுமும் பெட்டையின் பயம் குட்டிகளுக்கு இரண்டு வழியாகப் போய்ச் சேரும்: பிறப்பாலும், பார்த்துப் பழகுவதாலும்.

நாயின் சுபாவத்தை அதன் சொந்த வாசலில் வைத்து எடைபோட்டால் ஏமாந்துபோக நேரும். பழக்கமில்லாத இடத்தில், பத்தடி தள்ளிக் குடையைப் படீரென்று விரித்தால் எந்த நாயும் துள்ளும்; அது குறையல்ல. சில நொடிகளில் நிதானித்து, குடையை முகர்ந்து பார்க்க வருகிறதா என்பதே கேள்வி. வராமல் வாலை ஒடுக்கிக்கொண்டு நெடுநேரம் நடுங்கும் நாய்க்கு எல்லாச் சான்றிதழும் இருந்தாலும் இனவிருத்தியில் இடமில்லை. நோயைச் சுமக்கும் நாய்க்கு ஏற்ற துணை தேடலாம். தாயின் பயத்தை அப்படிச் சரிக்கட்ட முடியாது.

இனத்துக்கு இனம் அளவுகோல் மாறும். அந்நியரை நம்பாதது ராஜபாளையத்தின் இயல்பு. லாப்ரடாரிடம் அது குற்றம். ஆனால் நல்ல ராஜபாளையம் இடம்விட்டு நகராமல் நின்று எச்சரிக்கும், வளர்ப்பவர் அதட்டினால் அடங்கும். ஆள் முதுகைத் திருப்பியதும் பாய்ந்து கடிப்பதைக் காவல் குணம் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அது பயம்.

ராஜபாளையத்தில் உடலும் சுபாவமும் பின்னிக்கிடக்கும் இடம் ஒன்றுண்டு. பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து வந்த இனம் அது; செவிட்டுத்தன்மை அதில் நன்கு அறியப்பட்ட குறை. தோலில் நிறமி அணுக்கள் இல்லாமல் செய்யும் மரபணுக்கள் உள்காதிலும் அவற்றை இல்லாமல் செய்தால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் உயிரணுக்கள் மடிகின்றன. இரு காதும் கேளாத குட்டியைக் கைதட்டியே கண்டுபிடிக்கலாம். ஒரு காது மட்டும் போன குட்டி கைதட்டலுக்குத் திரும்பிவிடும். வளர்ந்து, குறையைத் தன் குட்டிகளுக்கும் கொடுக்கும். ஒவ்வொரு காதாக ஒலி செலுத்தி மூளைத்தண்டின் மின்னலைகளைப் பதிவுசெய்தால்தான் அது பிடிபடும். ஐந்து வாரக் குட்டிக்கே இதைச் செய்யலாம். காது கேளாத நாய், தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கவ்வுவதுண்டு. மூட்டு வலியுள்ள நாயும் இடுப்பில் கை வைத்தால் சீறும். கெட்ட சுபாவம் என்று முத்திரை குத்தும் முன் மருத்துவரிடம் காட்டுவது நியாயம். காரணம் தெரிந்தாலும் இனவிருத்திக்கு விடக் கூடாது என்ற முடிவு பெரும்பாலும் மாறாது. ஆனால் அந்த நாயை எப்படி வைத்துக்கொள்வது என்பது மாறும்.

இரண்டு வயதுக்கு முன் இணை சேர்க்காமலிருந்தால் இடுப்புப் படமும் கிடைத்துவிடும், முதிர்ந்த சுபாவமும் வெளிப்பட்டுவிடும். கண்காட்சியில் வென்ற ஒரே கடுவனிடம் ஊரிலுள்ள பெட்டைகளையெல்லாம் கொண்டுபோவதையும் தவிர்க்க வேண்டும். அதன் மறைந்த குறை ஊர் முழுக்கப் பரவும். விற்ற குட்டிகளின் பட்டியலை வைத்திருந்து, அவை வளர்ந்த பின் நடை எப்படி, செவித்திறன் எப்படி, குணம் எப்படி என்று வாங்கியவர்களிடம் விசாரித்துக் குறித்துக்கொண்டால், அடுத்த ஈத்துக்கு அதே ஜோடியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அந்தக் குறிப்புகளை வைத்தே முடிவுசெய்யலாம்.