வாசலில் வரும் நெரிசல்



பிளேஸ்டோவில் நெடுநாள் வாழ்பவர்களுக்கு, 2016 வரை பக்கத்து அப்டன் பார்க்கில் வெஸ்ட் ஹாம் பந்தாட்டம் நடந்தது நினைவிருக்கும். மைதானத்தில் ஏறத்தாழ 35,000 பேருக்கு இடமிருந்தது. உள்ளே இடம் இருந்தென்ன? ஆட்டம் தொடங்க முன் எல்லோரும் ஒன்றாக வாசலுக்கு வருவார்கள். இணையத்தளங்களின் கதையும் இதுதான்.

2002 ஜனவரி 2ஆம் திகதி, 1901ஆம் ஆண்டுக் குடிசனப் பதிவேடுகளை இங்கே இணையத்தில் திறந்துவைத்தார்கள். நாளொன்றுக்கு 12 இலட்சம் பேர் வருவார்கள் என்று கணித்துத் தளத்தை அமைத்திருந்தார்கள். அதாவது மணிக்குச் சராசரி 50,000 பேர். வந்ததோ, உச்ச வேளையில் மணிக்கு 12 இலட்சம் பேர். 24 மடங்கு! சில நாட்களிலேயே தளத்தை மூடவேண்டி வந்தது. நவம்பரில்தான் முழுமையாகத் திறந்தார்கள். சராசரியை நம்பினால் வரும் வினை இது.

கடவுச்சொல் கேட்கும் தளங்களில் சுமை இன்னும் கூட. திருடர்கள் வேகமாக ஊகித்துப் பார்க்க முடியாதபடி, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் வேலையை வேண்டுமென்றே கடினமாக்கி வைத்திருப்பார்கள். பிறகு கைத்தொலைபேசிக்கு இரகசிய எண் அனுப்பவேண்டும். திறக்காவிட்டால் நாம் சும்மா இருப்போமா? திரும்பத் திரும்ப அழுத்துவோம். நெரிசல் பெருகும். ஆகவே போலிப் பயனாளர்களை உருவாக்கி, பிழையான கடவுச்சொற்களோடும் சேர்த்து, ஒரே நேரத்தில் மோதவிட்டு முன்கூட்டியே சோதிப்பது அவசியம்.

2008 ஜனவரி 31, இணையவழி வருமானவரிப் படிவத்துக்குக் கடைசி நாள். அன்று வரித் திணைக்களத்தின் இணையச்சேவை தடுமாறி, காலக்கெடுவை ஒருநாள் நீட்டினார்கள். எப்போதும் நீட்டுவார்கள் என்று கணக்காளராகிய நான் சொல்லமாட்டேன். பிந்தினால் 100 பவுண் தண்டம்.

வரியைவிடப் பெரிய விடயமும் உண்டு. பிரித்தானியக் குடியுரிமை பெறாத நம்மவர் பலரின் வதிவிட அட்டைகள் 2024 டிசம்பர் 31உடன் காலாவதியாகின. இப்போது வேலைக்கும் வீட்டு வாடகைக்கும் இணையக் கணக்கில் நுழைந்துதான் வதிவுரிமையைக் காட்டவேண்டும். நுழைவதற்கான எண் நீங்கள் பதிந்த தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ வரும். அந்தத் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டீர்களா? மின்னஞ்சலைப் பிள்ளை தன் பெயரில் திறந்து தந்ததா?

அவர்களுடைய இயந்திரத்தை அவர்கள் சோதிக்கட்டும். நம் சாவியை நாம் சோதிப்போம். அவசரமில்லாத ஒரு மாலையில் ஒருமுறை உள்ளே நுழைந்து பாருங்கள். அம்மா, அப்பாவின் கணக்குகளையும் அவர்களோடு இருந்து பார்த்துக் கொடுங்கள்.