மானமா, மூச்சா?

(மதுரையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பிள்ளை பீடி குடித்தானா என்று வாயை முகர்ந்து கண்டுபிடித்த காலம் போய்விட்டது. இன்று பேனா போல ஒரு கருவி, 'வேப்' என்கிறார்கள். மாம்பழ வாசம் வீசும், நாமும் ஏமாந்து விடுகிறோம். உள்ளே இருப்பதோ பெரும்பாலும் நிகோடின்!

2019-ல் அமெரிக்காவில் என்ன நடந்தது? இருமல், காய்ச்சல், மூச்சுத் திணறல் என்று இளைஞர்கள் மருத்துவமனைகளில் குவிந்தனர். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேருக்கு நுரையீரல் பாதிப்பு. அதில் 68 பேர் மரணம். நூற்றுக்குப் 15 பேர் 18 வயது நிரம்பாதவர்கள்! கஞ்சாச் சத்துள்ள திரவத்தில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டறிந்தனர். கலந்திருந்தது இழுத்தவனுக்குத் தெரியுமா?

தமிழகத்தில் 2018-லும், நாடு முழுவதும் 2019-லும் தடை வந்தது. விற்பவனுக்குச் சிறை உண்டு. ஆனாலும் திருட்டுத்தனமாக வருகிறது. திருட்டுச் சரக்கில் என்ன இருக்கிறதென்று யார் சோதிப்பது?

பிள்ளைக்கு மூச்சுத் திணறினால், 'மானம் போய்விடும்' என்று மறைக்காதீர்கள். எக்ஸ்ரேயில் அது நிமோனியா போலவே தெரியலாம். ராஜாஜி மருத்துவமனையோ, தோப்பூர் நெஞ்சக மருத்துவமனையோ, மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளை உங்களிடம் சொல்ல வேண்டுமானால், கையை ஓங்காமல் கேளுங்கள்.

போன மானம் திரும்பும். போன மூச்சு திரும்பாது!